எண்பதுக்கு மேல் வேண்டாம்

நவம்பர் 3, திங்கள்

லேப்டாப்பில் பேட்டரி ஆயுள் எழுபத்தொன்று சதவீதம் என்று காட்டுகிறது. போன வாரம் எழுபத்திரண்டு. ஒரே வாரத்தில் ஒன்று போய்விட்டதா? இப்படியே போனால் — வேண்டாம் நவ்யா, கணக்குப் போடாதே.

வேலை போனதும் கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசிச் சம்பளத்தில் காந்திபுரத்தில் வாங்கிய பழையது இது. இந்த மாடலுக்கு இப்போது பேட்டரியே வருவதில்லை என்று கடைக்காரர் வாங்கிய பிறகுதான் சொன்னார். ரொம்ப நல்ல மனுஷன். வேறு வேலை தேட எனக்கு இருப்பது இது ஒன்றுதான். இதுவும் படுத்துவிட்டால் எந்த முகத்தோடு அப்பாவிடம் இன்னொன்று கேட்பேன்?

நவம்பர் 5, புதன்

இன்று முதல் ஒரு சட்டம். சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக் கூடாது. முழுக்க ஏற்றி அப்படியே வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் தேயுமாம். சூடும் அதற்கு ஆகாதாம். எண்பதில் தானாக நிற்கும்படி செட்டிங்கை மாற்றிவிட்டேன். நிற்கிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

சார்ஜில் இருந்த லேப்டாப்பின் மேல் அம்மா துண்டை நாலாக மடித்துப் போர்த்தியிருக்கிறாள்! தொட்டால் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. தறிக்குடோனை ஒட்டிய வீடு. பஞ்சு பறந்து வந்து எதன் மேலும் படியும். டிவி, மிக்சி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் இங்கே துணி உண்டு. "பஞ்சு அண்டக் கூடாதுன்னுதான் கண்ணு மூடி வெச்சேன்" என்றாள். கத்திவிட்டேன். துண்டை உருவி உதறிக் கொடியில் போட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

இன்டர்வியூ வந்துவிட்டது! சரவணம்பட்டி கம்பெனி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் பேசி, ஸ்கிரீனைப் பகிர்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி அப்பாவிடம் சொன்னேன். ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

நவம்பர் 16, ஞாயிறு

பேப்பரில் போட்டிருப்பதை இரண்டு தரம் படித்தேன். புதன்கிழமை சோமனூருக்கு மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. எனக்குன்னு பார்த்துத்தான் வருமா இதெல்லாம்?

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? கேட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள் என்றால்? ஈரோட்டில் சித்தி வீட்டுக்குப் போகலாம் — அங்கே கைக்குழந்தை, ஓயாத அழுகை. இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். நெட்டுக்கு ஃபோன் இருக்கிறது. பேட்டரி தாங்க வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

எண்பது போதாது. நூறு ஏற்றினால் இரண்டு மணி நேரம் தாங்கும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் சட்டத்தை மீறலாம். ஆனால் இப்போதே ஏற்றினால் விடிய விடிய நூறிலேயே நிற்குமே. காலை ஏழரைக்குப் போட்டால் ஒன்பதுக்குள் நிறைந்துவிடும். இருபத்தைந்தில் மூடி வைத்துவிட்டேன். சரிதானே? சரிதான்.

நவம்பர் 19, புதன்

ஏழரைக்குச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளித்து வந்தால் ஃபேன் ஓடவில்லை. மணி எட்டுதான். திரையில் நாற்பத்துமூன்று.

அப்பா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். ஒருமுறை திடீரென்று வந்த கரண்டில் தறி மோட்டார் எரிந்தது. அதிலிருந்து ஷட்டவுன் அன்று முன்கூட்டியே வீட்டுக்கும் குடோனுக்கும் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா? பேட்டரியையே நினைச்சு நினைச்சு அதை மறந்துபோட்டேனே!

மெயின் குடோனுக்குள். சாவி அப்பாவிடம். ஃபோனில் அழுதேன். வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து மெயினை ஏற்றினார்.

"உன்ற பெட்டிக்கும் சேர்த்துத்தான் சாமி எறக்கினேன். கரண்ட் திடுக்குன்னு வந்தா அது புகைஞ்சு போயிருமேன்னு" என்றார்.

இதே பயத்தில்தானே நேற்று நான் சார்ஜ் போடாமல் படுத்தேன்.

ஒன்பதுக்கு லைனே போய்விட்டது. திரையில் ஐம்பத்தெட்டு.

பத்து மணிக்கு வீடியோவில் பேசியது அந்தக் கம்பெனியின் லோகப்பிரியா மேடம். எப்போதும் நான் 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், தப்பா இருந்தாச் சொல்லுங்க' என்று இழுத்துத்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு இழுக்கச் சார்ஜ் இல்லை. தெரிந்ததைத் தெரியும் என்றேன், தெரியாததைத் தெரியாது என்றேன். சார்ஜ் ஒன்பதுக்கு இறங்கியபோது சொல்லிவிட்டேன்: "மேடம், எங்க ஊர்ல இன்னைக்கு ஷட்டவுனுங்க. சார்ஜ் தீரப் போகுது. நீங்க கேட்டதை முதல்ல செஞ்சு காட்டிடறேன்."

செய்து முடித்தேன். நன்றி சொல்வதற்குள் திரை கறுத்துவிட்டது.

போச்சு. நன்றிகூடச் சொல்லாதவள் என்றுதானே நினைப்பார்கள்? ஃபோனிலிருந்து மெயில் போட்டிருக்கிறேன். அப்பா மத்தியானம் சாப்பிட வரவில்லை. குடோனில் மெயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள்.

நவம்பர் 21, வெள்ளி

பதில் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

இன்றும் இல்லை. பேட்டரி ஆயுள் அதே எழுபத்தொன்று. அடியோடு தீர்ந்ததில் ஒன்றும் குறையவில்லை. அதற்குச் சந்தோஷப்படக்கூட மனசு வரவில்லை.

டிசம்பர் 17, புதன்

மறுபடி ஷட்டவுன். நேற்று ராத்திரியே நூறு ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

வேலையில் சேர்ந்து இது இரண்டாவது வாரம். காலையில் மீட்டிங். லோகப்பிரியா மேடம் இந்த வார வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அப்பா கதவோரம் வந்து நின்றார்.

"அம்மணி, எறக்கட்டுமா?"

மைக்கை அணைத்துவிட்டு, இறக்குங்கப்பா என்றேன். நகரவில்லை. "நெசமாத்தானே?" என்று இன்னொரு தரம் கேட்டார். திரையை அவர் பக்கம் திருப்பி நூறைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.