வாசல் கதவு அலாரமும் இரண்டு வைஃபையும்

செவ்வாய், இரவு

இன்று முழுக்க வைஃபையோடுதான் மல்லுக்கட்டினேன். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, மறதி முற்றிவிட்டது. போன வாரம் யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்து, தூரத்தில் இருக்கும் காளவாசல் சிக்னல் வரை நடந்து போய்விட்டார். அதனால்தான், கதவு திறந்தால் என் செல்போனில் மணியடிக்கும் அலாரம் ஒன்றை வாங்கினேன்.

அது இணையவே இல்லை. வைஃபை கம்பெனிக்குப் போன் செய்தால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அலாரத்தோடு வந்த தாளைப் படித்தேன்; அது வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் இணையுமாம். எங்கள் ரௌட்டரில் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளும் ஒரே பெயரில் கிடந்தன. நானே தட்டுத்தடுமாறிப் பிரித்து, தனித்தனிப் பெயர் வைத்தேன். அலாரம் இணைந்துவிட்டது.

ஆனால் பெயர் மாறியதில், மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என் வீட்டுக்காரருக்கு நெட் அறுந்துபோனது. தடதடவென்று இறங்கி வந்தார்.

"என்னையக் கேக்காம எதுக்கு அதைத் தொட்ட?"

"உங்க அப்பாவுக்காகத்தான் தொட்டேன். நீங்க ஒரு நாளாவது அவரைப் பாத்தீங்களா?"

இருவரும் கத்திக்கொண்டிருந்தபோதே செல்போன் மணியடித்தது. வாசலுக்கு ஓடினோம். மாமா கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க மாமா?"

"உள்ள எம்புட்டுச் சத்தம்மா! நீங்க சண்டையை முடிங்க, நான் அப்புறம் வாரேன்."

கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தோம். அலாரம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. எனக்கும் பேசத் தெம்பில்லை.