ஒரே ஓர் ஊசி

தலாஸ், மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மா சல்கினுக்கு,

வீட்டில் எல்லாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் மேரிமுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்திருக்கிறார்கள். அதுவும் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில். "புண்ணு சீழ் பிடிக்காம இருக்க எத்தனை ஊசிடி போட்டாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுதாம்மா, கீறுறதுக்கு முன்னாடி" என்கிறாள். அடக் கடவுளே! எங்கள் தெருவில் குடல்வால் எடுத்தவனுக்கே வாரம் முழுக்கக் குத்தினார்கள். மருமகளுக்கு ஒன்று போதும் என்று முடிவு கட்டிவிட்டீர்களா? என் மனசு ஆறவில்லை.

டாக்ஸிக்காரர் பக்தியாரிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். வெண்ணெய் உங்களுக்கு. ஆன்டிபயாடிக் குப்பிகள் அவளுக்கு. போடாவிட்டால் தாயையும் பிள்ளையையும் நானே வந்து கூட்டிப்போவேன். பேரனுக்குச் செய்த தொட்டில் இங்கேயே கிடக்கும்.

காலிச்சா


நரின், மார்ச் 7

சம்பந்தியம்மா காலிச்சாவுக்கு சலாம்.

வெண்ணெய் தீர்ந்துவிட்டது; பாதி உங்கள் மருமகன் வேலை. குப்பிகள் அப்படியே இருக்கின்றன. திட்டுவதற்கு முன் முழுவதும் படித்துவிடுங்கள்.

அறுவை அறைக்குத் தலைமை நர்ஸ் நான். கத்தி படும்போது மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் காவல். தைத்து மூடிய பிறகும் போட்டுக்கொண்டே இருந்தால் காயத்துக்கு லாபமில்லை. வயிறு கெடும், கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு நிஜமாகவே நோய் வந்தால் மருந்து வேலை செய்யாது. இதெல்லாம் எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கும் விதி.

அன்று டாக்டர் கத்தியை எடுத்துவிட்டார். "கீழ வைங்க டாக்டர், ஊசி இன்னும் போகல" என்றேன். "உங்க மருமகளாச்சே, பயமா?" என்று சிரித்தார். "யாரா இருந்தாலும் இதேதான். மருமகள்னா இன்னும் கொஞ்சம் கறார்" என்றேன்.

காயத்தைக் காலையும் மாலையும் நானே பார்க்கிறேன். சிவந்தால் மருந்து கேட்டு டாக்டரிடம் முதலில் ஓடுவது நான்தான்.

சல்கின்


நரின், மார்ச் 10

காலிச்சா,

ஒளிக்காமல் சொல்கிறேன். நேற்று மேரிமுக்குக் காய்ச்சல் கொதித்தது. "அம்மா சொன்னாங்களே, அத்தை" என்று அழுதாள். எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் அனுப்பிய பைக்குள் என் கை போய்விட்டது, பொய் சொல்லமாட்டேன். உங்கள் முகம்தான் கண்முன் நின்றது.

கையை எடுத்துக்கொண்டு காயத்தைப் பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. டாக்டரும் வந்து பார்த்தார். பால் கட்டியிருக்கிறது! வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்துப் பிள்ளையைக் குடிக்க விட்டோம். உங்கள் பேரன் பெரிய பசிக்காரன். சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது.

இதற்கும் கோபம் என்றால் வந்து திட்டுங்கள். ஆனால் வாருங்கள்.

சல்கின்


தலாஸ், மார்ச் 27

என் அன்புச் சல்கினுக்கு,

பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்காரர் குதிரையிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். இந்த வயதில் என்ன சவாரியோ! தகடு வைக்க வேண்டும் என்றார்கள்.

அறுவை அறை வாசலிலேயே டாக்டரை மறித்துக்கொண்டேன். "கீறுறதுக்கு முன்னாடி ஊசி உண்டா?"

"உண்டும்மா. அப்புறமும் ஒரு வாரத்துக்குப் போட்டுடலாம், கவலைப்படாதீங்க."

"எதுக்கு? காயம் சுத்தமா இருந்தா அது எதுக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நர்ஸா?"

"இல்ல. நர்ஸோட சம்பந்தி."

மனுஷர் சிரித்துவிட்டார். நான் கேட்டபடியே அறுவை முடிந்ததும் ஊசியை நிறுத்தியும் விட்டார். எங்கள் வீட்டுக்காரர் இப்போது கோலூன்றி நடக்கிறார், வாயும் நன்றாக நடக்கிறது.

மேரிம் வீடியோவில் வயிற்றைக் காட்டினாள். மெல்லிய கோடு, அவ்வளவுதான். உங்களைப் பேசியதெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, சல்கின். அந்தக் காய்ச்சலன்று என்னைவிட நீங்கள்தான் அதிகம் பயந்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பக்தியாரின் கார் கூரைமேல் தொட்டிலைக் கட்டியாயிற்று. வெண்ணெயும் உண்டு, மருமகன் கண்ணில் படாமல் வாங்கி வையுங்கள்.

உங்கள்
காலிச்சா