மீன்வலைக்குள் அடித்த பந்துகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேண்டிய அளவுக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தபோது சில வருடங்கள், நீ போன பிறகும் சில வருடங்கள். இறந்தவனிடம் சண்டை போடக்கூடாது என்கிறார்கள். இருந்தபோது மட்டும் போட விட்டார்களா?

நம் ஊர் மாத இதழில் மறைந்தவர்களுக்குக் கடிதம் எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பாவையும் ஆசிரியரையும் தெய்வமாக்கி எல்லாரும் எழுதுகிறார்கள். உன்னை என்னால் அப்படி எழுத முடியாது. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நீ. பிறகு என் தங்கையைக் கட்டினாய். உன் மகளுக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்துக்கொண்டவன் நான். அவ்வளவு உறவு இருந்தும், ஒரு இயந்திரத்தைச் சாக்கு வைத்து உறவுக்காரர்கள் முன்னால் என்னை முட்டாளாக்கினாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த நீ, ஒருமுறை பயிற்சிக்கு வெளிநாடு போய் ஒரு பை நிறைய கோல்ஃப் மட்டைகளோடு திரும்பி வந்தாய். உனக்கு அந்த ஆட்டம் கடைசிவரை வரவில்லை. உன் மகளுக்கு வந்தது. மகாபலிபுரம் பக்கம் கடற்கரைச் சாலையில் பந்தடித்துப் பழகும் மைதானம் திறந்ததும் ஞாயிறுதோறும் அவளை அழைத்துப் போனாய். அவள் அடித்தால் பந்து சவுக்குத் தோப்பை நோக்கி நூல் பிடித்தாற்போல் போகும். பள்ளி முடிப்பதற்குள் சென்னையில் நடக்கும் அணித் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய்.

மற்ற நாட்களில் செங்கல்பட்டு வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகைதான் அவளுக்கு மைதானம். கடலோரக் குப்பத்தில் பழைய மீன்வலை ஒன்று வாங்கி வந்து தொங்கவிட்டாய். பந்து கொஞ்சதூரம் போய் வலையில் விழுந்துவிடும். அது வெளியில் எங்கே போயிருக்கும் என்று சொல்ல ஒரு கருவி வேண்டும். லாஞ்ச் மானிட்டர் என்பார்கள். கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் தேர்வு செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"இன்னா மச்சான், அந்த ரேடார் பொட்டிய வாங்கிக்கலாமா? சின்னதா கீது, பேட்டரில ஓடுது. வேகம் எவ்ளோன்னு பளிச்சுனு காட்டுது."

"வேகத்தை வச்சிகினு இன்னா பண்ணுவ? பந்து நேராப் போவுதா, வளைஞ்சி போவுதான்னு வலைக்குள்ள உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்போ ரிசார்ட்டுல வெள்ளக்காரனுக்கு வச்சிகிறானே, கேமரா மிசினு, அது?"

"அத்த வாங்கணும்னா வூட்ட விக்கணும்."

"வித்துடலாம். உந்தங்கச்சிய உன் வூட்டுக்கு அனுப்பிச்சிர்றேன், நீயே வச்சி சோறு போடு."

அதற்கு உன் மகள்தான் அதிகம் சிரித்தாள்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பாய் மாதிரியான கருவி. தடித்த விரிப்பு. அதில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சத்தை உணரும் ஒரு கண். மட்டை மேலே கடக்கும்போது நிழல் விழும். எந்தக் கண் முதலில் இருண்டது, எது பின்னால் இருண்டது என்பதை வைத்து மட்டையின் வேகத்தையும், அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதையும் பக்கத்திலிருக்கும் சின்னத் திரை சொல்லும். டியூப் லைட் போட்டால் குழம்பிவிடும், தலைக்கு நேர் மேலே குண்டு பல்புதான் வேண்டும் என்று சொல்லி, நானே ஏணி போட்டு மாட்டினேன். நம் வசதிக்கு அதைவிட நல்ல கருவி அன்றைக்குக் கிடையாது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். மைதானத்தில் அவள் அடித்ததையும் பாய் சொன்னதையும் பல ஞாயிறு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிறகு நான் விடைத்தாள் திருத்த வெளியூர் போனேன். ஆயுத பூஜை அப்போதுதான் வந்தது. நான் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் ஏரியாகிவிட்டது. அணித் தேர்வு வரைக்கும் அவளுக்குத் தகரக் கொட்டகையும் வலையும்தான்.

அந்த மழைக்காலத்தில்தான் பாய் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தது. மட்டையின் முகம் வெளிப்பக்கமாகத் திறந்துகொள்கிறது, பந்து வலப்பக்கம் ஓடும் என்று. அவளுக்குச் சந்தேகம்.

"எனக்கு அப்பிடித் தோணலப்பா. கையில நேராத்தான் படுது."

"மிசினு பொய் சொல்லாதும்மா. உம்மாமன் பாத்துப் பாத்து வாங்கினது."

என்மேல் நீ வைத்த நம்பிக்கை அது ஒன்றுதான். அதையும் எங்கே கொண்டுபோய் வைத்தாய், பார். அவள் பிடியை மாற்றினாய். மணிக்கட்டைத் திருப்பினாய். பாய் "நேர்" என்று சொல்லும்வரை திருப்பிக்கொண்டே இருந்தாய்.

சென்னையில் தேர்வு நாளன்று அவள் அடித்த பந்தெல்லாம் இடப்பக்கம் வளைந்து புதருக்குள் போனது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, காரணம் சொல்ல நான் இருந்தேனே.

அச்சரப்பாக்கம் கல்யாணத்தில், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "இவுரு காலேஜுல பாடம் நடத்துறாரு. ஒரு மிசினு பாத்து வாங்கத் தெரில. எம்பொண்ணு பொழப்பே பூடுச்சு." பக்கத்தில் யாரோ, "வுடுப்பா, படிச்சவங்களே இப்பிடித்தான்" என்றான். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலை நான் மிதித்தது உனக்கு மாலை போட வந்தபோதுதான்.

இப்போது செய்திக்கு வருகிறேன்.

போன மாதம் உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். அதே கடற்கரை மைதானத்தில் இப்போது புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறாள், தெரியுமா? போட்டிக்கு மட்டும் போவதில்லை. அந்தப் பழைய பாயைச் சுருட்டி, ஒரு மட்டையோடு சேர்த்து ஸ்கூட்டியில் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"மாமா, இத்த ரிப்பேர் பண்ண முடியுமா? இல்லன்னா கொறஞ்ச வெலைல புதுசு ஒண்ணு சொல்லு."

"எங்கிட்டயா கேக்கற? எனக்குத்தான் மிசினு வாங்கத் தெரியாதே."

"அது அப்பா சொன்னது. நான் சொன்னனா?"

காப்பி குடித்துக்கொண்டே அவளே பேசினாள். மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாளாம்: "நான் சொல்றதக் கேளுங்க, என் கையப் பாத்து மட்டும் கத்துக்காதீங்க. என் அடியிலயே பொறவிக் கோளாறு கீது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் போன பிறகு பாயைக் கூடத்தில், குண்டு பல்பு ஒன்றை மேலே மாட்டி, விரித்தேன். முன்வரிசையில், ஓரமாக இருந்த சில துளைகளில் ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் கிளறினேன். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது, நடுவில் கொஞ்சம் சிவப்பு. மோந்து பார்க்காமலே தெரிந்தது.

சந்தனம், குங்குமம்.

பஸ்ஸுக்கு, ஸ்கூட்டருக்கு, தையல் மிஷினுக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வைக்கிறோம். பெண்ணின் எதிர்காலமே இதில்தான் என்று நம்பியவன் இதற்கு வைக்காமல் இருப்பாயா? பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் வரிசையாகத் துளைகள் வேறு. ஒன்று விடாமல் வைத்திருப்பாய். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தும் இருப்பாய். மேலே இருந்தது போயிற்று. ஓரத்துத் துளைகளில் உள்ளே இறங்கியது காய்ந்து நின்றுவிட்டது.

தங்கையிடம் போனில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஆமாண்ணா, அவருதான் உக்காந்து ஒவ்வொண்ணுக்கா வச்சாரு. எதுக்குக் கேக்கற?" என்றாள். சும்மா கேட்டேன் என்றேன்.

துளைகளைச் சுத்தம் செய்வதற்கு முன்பே நான் மட்டையைப் பலமுறை வீசிப் பார்த்திருந்தேன். முகம் திறந்திருக்கிறது என்றே திரை சொன்னது. சுத்தம் செய்து, அதே பல்பின் கீழே, அதே மாதிரி வீசினேன். நேர் என்றது. மட்டையின் முனைப்பக்கக் கண்கள் குருடாகிக் கிடந்ததால், முனை பின்தங்கி வருவதாக, அதாவது முகம் திறந்திருப்பதாக, இயந்திரம் கணக்குப் போட்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை. அவள் கை சரியாக இருந்தது. நீ திருத்தியது இல்லாத கோளாறை.

மாப்ளே, இது தெரிந்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? நிம்மதியா? முதலில் தோன்றியது அந்தக் கல்யாணப் பந்திதான். அதே ஆட்களைக் கூட்டி உட்கார வைத்து, இந்தப் பாயை நடுவில் விரித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. நீ இல்லாத ஊரில் உன்னை ஜெயித்து என்ன செய்வது என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

கருவி விஷயம் முடிந்தது. போன ஞாயிறு அவளும் நானும் மைதானத்துக்குப் போய் இரண்டு மூன்றை வைத்துப் பார்த்தோம். ரேடார் பெட்டி இப்போது நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. அதையே வாங்கச் சொன்னேன். திறந்தவெளியில் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்ணே சொல்லிவிடும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தைப் பெட்டி சொன்னால் போதும். அன்றைக்கு நீ கேட்டதும் இதைத்தான். அதனால் அன்றைக்கு நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. உனக்கு இருந்தது வலை, இவளுக்கு இருப்பது மைதானம்.

பெட்டியைச் சோதிக்க அவளை அடிக்கச் சொன்னேன். அடிப்பதற்கு முன், "நான் அடிச்சா இடது பக்கம் போவும் மாமா, சிரிக்காத" என்று சொல்லிக்கொண்டுதான் மட்டையைத் தூக்கினாள். இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண். தான் கோணல் என்று நம்பிக்கொண்டே எத்தனை வருடம் நின்றிருக்கிறாள்? அவளிடம் நேரில் சொல்ல வாயெடுத்தேன். "உன் அப்பாதான்" என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. முடியவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். தங்கை வீட்டுக்கு அந்த இதழ் மாதாமாதம் போகிறது. உன் மகள் அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பாள். யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. அவளுக்குப் புரியும். அவள் படித்துவிட்டு என்னைக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. "உன் கையில் எந்தக் கோளாறும் இல்லை, பழைய பிடிக்கே போ" என்பது ஒன்று. "உன் அப்பா அதைக் கெடுத்தது அலட்சியத்தால் இல்லை, கும்பிட்டுத்தான்" என்பது இன்னொன்று.

கீழே 'தாய்மாமன்' என்று எழுதி, அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைப் போட்டால் கல்யாணப் பந்தியில் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள நான் எழுதியதாக ஆகிவிடும். அவள் தன் கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை என் வழக்காக்க எனக்கு இஷ்டமில்லை. கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டப் போகிறேன். இன்று மதியத் தபாலில் போகிறது.