உடைந்த கீல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நேற்று போனில் "ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்தேனே, அது பொய். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

நேற்று மதியம் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். தையல் வேலை செய்பவளாம். கையில் மாவுக்கட்டு. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். அவர் பையிலிருந்து ஒரு மடக்கு ஊன்றுகோலை எடுத்து மேசைமேல் வைத்து, "கீல் உடைஞ்சுபோச்சு. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார்.

கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நம் கீல், தம்பி. நீ வரைந்த கீல். ஒரு துளை நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்குமே, அதுவும் அப்படியே இருந்தது. மெஷினில் துண்டைக் கவ்விப் பிடிக்கிற நம் வைஸின் தாடை இடிக்கிறது என்றுதானே நாம் அதைத் தள்ளி வைத்தோம்? உலகத்தில் வேறு எவனுக்கும் அந்தத் தலையெழுத்து இல்லை. நாமோ மாதிரிக்காக நாலைந்துதான் செய்தோம், அதில் ஒன்றைக்கூட வெளியே கொடுக்கவில்லை.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வேறு ஊரில் ஒரு பட்டறையில் செய்தார்களாம். "படம் நெட்டுல சும்மாவே கெடைக்குதாம்" என்றார் அவர். உன் அத்தான் அப்போதே "எந்தத் திருட்டுப் பயடா அது" என்று எழுந்துவிட்டார்.

திருடன் யாரும் இல்லை. கீலை வரைய ஒரு சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்தபோது நாம் மூவரும் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? முதலில் பார்த்ததற்கு ஆண்டுச் சந்தா கட்டுவதென்றால் பட்டறையையே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தது மலிவுதான், ஆனால் மெஷினை ஓட்ட அது எழுதித் தந்த புரோகிராமைப் போட்டதும் இரும்பை வெட்டுகிற கட்டர் நேரே போய் வைஸில் மோதியது. கடைசியில் நீதான் இந்த இலவசத்தைக் கண்டுபிடித்தாய். நம் கிழட்டு மெஷினும் மறுபேச்சுப் பேசாமல் ஓடியது. நமக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினுக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் வரிவரியாகப் படித்தோம். இலவசமாக வரைகிற படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம் என்று எழுதியிருந்ததை மூவருமே படிக்கவில்லை. நேற்றுதான் படித்தேன். நம் கீலை நகல் எடுத்தவர்கள் எண்ணிக்கை மூன்று இலக்கத்தில் நிற்கிறது.

இதுவரை வந்தது பாதி அதிர்ச்சிதான். அத்தான் வெர்னியரை எடுத்து உடைந்த இடத்தை அளந்தார். இரண்டு மில்லி. அளந்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதல் மாதிரி விரிசல் விட்டதும் துளையைச் சுற்றியிருக்கிற சுவரை நாலு மில்லி ஆக்கினோமே, எங்கே ஆக்கினோம்? "நான் மெஷின்லதானே நம்பர மாத்தினேன். படத்துல யாரு மாத்துனா?" என்று என்னைக் கேட்டார். யாரும் மாற்றவில்லை. எப்போதும் மெஷினில் கையாலேயே திருத்திக்கொள்வதுதானே நம் வழக்கம். படம் நம்மிடமே இருந்தவரை அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

அவள் விழுந்தது படிக்கட்டில்.

அத்தான் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. கனமான சுவரோடு புதுக் கீல் செய்து மாட்டிக் கொடுத்தார். அவள் கத்துவாள் என்று நான் பயந்தேன். அவள் கத்தவில்லை. "அப்ப இதையே வெச்சிருக்கிற மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை நம் கீலை விற்க நீ அந்த மருத்துவக் கருவிக் கம்பெனியில் கையெழுத்துப் போட வேண்டும். வெளியார் கண்ணில் படாத வடிவம் என்று நீ எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். வாங்கினால்தான் நீ அங்கே பார்க்கிற வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேரலாம். எல்லாம் எனக்குத் தெரியும். படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று உன்னிடம் நடிக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே நகல் எடுத்தவர்கள் திரும்ப வந்து பார்க்கிற இடம் அந்தப் பக்கம் ஒன்றுதான், அதை எடுத்துவிட்டால் அவர்களுக்குச் சொல்ல வேறு வழியே இல்லை.

அந்தச் சாஃப்ட்வேரில் கணக்கு உன் பெயரில் இருக்கிறது. சுவரை நாலு மில்லியாக்கி, அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி போடு. பழைய படத்தில் செய்த கீலை உடனே கழற்றச் சொல்லிக் கொட்டை எழுத்தில் எழுது. பிறகு கம்பெனிக்காரர்களிடம் நடந்ததைச் சொல். அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

மாடி அறையைக் காலி செய்து உனக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்தபின் காட்டலாம் என்றுதான் இதுவரை சொல்லவில்லை. அது அப்படியே கிடக்கட்டும், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, என் வாய் சொல்கிறது. இதை நீ படிக்கிற நேரத்தில் யாரோ ஒருவர் அந்தக் கீலை நம்பிப் படி இறங்கிக்கொண்டிருப்பார். முதலில் படத்தை மாற்றிவிடு கண்ணா. அழுவதென்றால் அதற்கப்புறம் சேர்ந்து அழுவோம்.

உன் அன்பு
அக்கா