ஒன்பதாவது கவர்

கொண்டாப்பூர்,
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஸ்டெல்லா,

இன்று ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ வந்து என் கையைப் பிடித்தாய். "கையை எடு" என்று நான் சொல்லவில்லை. "மன்னிச்சிரு ஆக்னஸ்" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாய். "முடியாது" என்றும் நான் சொல்லவில்லை. உன் மாமியார் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. "குழந்தை நல்லா இருக்கானா?" என்றுதான் கேட்டேன். அதை நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு போயிருப்பாய். அது மன்னிப்பு இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் வேறு. போனில் எழுதினால் ஒரு விரலில் நாற்பது பேருக்குப் போய்விடும். இதை அனுப்ப வேண்டுமென்றால் நீ ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். எனக்குப் பதினாலு வயதிலிருந்து ஃபிட்ஸ் உண்டு. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அது கடைசியாக வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஷ்யாமைப் பார்த்த இரண்டாவது நாளே அவனிடம் சொன்னேன். அவன், "சரி, அம்மாட்ட நானே பொறுமையா சொல்லுறேன்" என்றான். இந்த ஊரில் அது தெரிந்திருந்தது அவனுக்கும் உனக்கும்தான். நிச்சயம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபத்தில் யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று கேட்டார்கள். நீ எழுந்து நின்று அழுதுகொண்டே, "ஆக்னஸுக்கு வலிப்பு நோயிலிருந்து விடுதலை கிடைக்க" என்று சொன்னாய்.

மூன்றாம் நாள் ஷ்யாமின் அம்மா போன் செய்து மோதிரத்தைக் கூரியரில் அனுப்பச் சொன்னார். ஷ்யாம் போன் செய்யவே இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனையில் பாடல் குழுவில் எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி இருந்தது, என் கையில் மட்டும் கொடுக்கவில்லை. "உனக்கு வேண்டாம்மா, பாட்டுப் புத்தகத்தைப் பிடிச்சுக்க" என்றார்கள். பிடித்துக்கொண்டேன்.

கிருபை சும்மா கிடைப்பது, காணிக்கை அதற்கு நாம் சொல்லும் பதில் என்று போதகர் இன்று பிரசங்கித்தார். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய். உனக்குச் சும்மாதான் கிடைத்தது. என் வீட்டில்தான் அதற்கு வசூல் நடந்தது.

23ஆம் தேதி உன் மகனுக்காக நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும்போது உன் பக்கத்தில் நின்று நான் பாட வேண்டும் என்று கேட்டாய். பாடல் குழுவில் என் இடத்தில் நின்று பாடுவேன், அது என் வேலை. உன் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

ஆக்னஸ்


போவன்பள்ளி,
7 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் அன்பான ஆக்னஸ்,

உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன், கிழித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

வாசலில் வைத்துக் கேட்டது தப்பு. வீட்டுக்கு வந்தால் நீ கதவைத் திறக்க மாட்டாய் என்று பயந்துதான் அங்கே பிடித்தேன். எல்லார் முன்னாலும் கேட்டால் உன்னால் மறுக்க முடியாது என்று கொஞ்சம் நினைத்தேன்தான். பொய் சொல்ல மாட்டேன்.

அன்று ஜெபத்தில் ஏன் சொன்னேன் என்று இரண்டு வருடமாக எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொல்லிவந்தேன்: பாரம் தாங்க முடியவில்லை, உனக்காக எல்லாரும் ஜெபிக்கட்டும் என்று. அது பாதிதான் உண்மை. நான் எழுந்து நின்றதும் அறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் ஆண்டவரிடம்கூட இப்படிச் சொன்னதில்லை.

உன்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தர வழியில்லை. காணிக்கை என்று எதைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தாலும், வைப்பதற்கு முன்னால் உன் முகம்தான் வந்து நிற்கிறது. அதனால் என்னிடம் உள்ளதில் ஒன்றை உனக்குத் தருகிறேன். அதற்குப் பதிலாக நீ மன்னிக்க வேண்டும் என்று இல்லை.

என் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம், அவன் பிறந்த மூன்றாம் நாள் ஐசியூவில் அவனுக்கு ஃபிட்ஸ் வந்தது. ஆறாம் மாதம் மறுபடியும் வந்தது. இடது கை மட்டும் துடித்தது, கண் ஒரு பக்கமாகப் போனது. எனக்கும் அவன் அப்பா ராகேஷுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ராகேஷின் அம்மா, அத்தைக்குக்கூடத் தெரியாது. தினமும் இரண்டு வேளை சிரப் கொடுக்கிறேன், சத்து மருந்து என்று சொல்லியிருக்கிறேன்.

உன் நிச்சயம் நின்றபோது அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "முந்தியே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. ரத்தத்துல வாறதுட்டீ அது. பிள்ளைக்கும் வரும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதை நறுக்கி முடித்தேன். இப்போது அவர்களுக்குத் தெரிந்தால் என் ரத்தம், என் அப்பா செல்லப்பாவின் ரத்தம் என்று ஆரம்பிப்பார்கள். ராகேஷ் அம்மாவை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. தம்பியை என்னிடம் விட்டுவைப்பார்களா என்றுகூடப் பயமாக இருக்கிறது.

இது இப்போது உன் கையில் இருக்கிறது. நீ என்ன செய்தாலும் சரி.

என்றும் உன்,
ஸ்டெல்லா


கொண்டாப்பூர்,
15 பிப்ரவரி 2025

ஸ்டெல்லா,

ஒரு வாரம் உன் கடிதத்தை ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது அது காலடியில் இருக்கிறது என்ற நினைப்பு வரும். சந்தோஷமாக இருக்கும். ஆமாம், சந்தோஷம்தான். நீ உண்மையை எழுதினாய், நானும் எழுதுகிறேன்.

முதலில் நீ தந்திரம் செய்கிறாய் என்று நினைத்தேன். ரகசியத்தைக் கையில் கொடுத்துவிட்டால் இவள் நல்லவள், பொத்தி வைத்துக்கொள்வாள், பிறகு நாம் பழையபடி ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாய். பிறகு, இல்லை, இவள் மெய்யாகவே கொடுத்துவிட்டாள் என்று தோன்றியது. அதுதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்தியது. கொடுத்து முடித்து நீ லேசாகிவிட்டாய். சுமப்பது நான். அன்றும் அப்படித்தான் நடந்தது.

அதனால் கேள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் ஒன்று எடுத்து எழுதியிருக்கிறேன். மேலே "ஆக்னஸ், கொண்டாப்பூர்." கீழே காரணம்: "ஸ்டெல்லாவின் மகனுக்கு வலிப்பு நோயிலிருந்து விடுதலை கிடைக்க." உன் வார்த்தைகள்தான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். 23ஆம் தேதி போதகர் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரும் காரணமும் வாசிப்பார். எப்படியும் முப்பது கவர் இருக்கும், இருபது நிமிடம் ஆகும். என் கவர் எத்தனையாவதாக வரும் என்று எனக்கே தெரியாது. அந்த இருபது நிமிடமும் நீ முன் வரிசையில், மாமியார் பக்கத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒவ்வொரு கவரையும் அவர் எடுக்கும்போது அவர் கையைப் பார்ப்பாய். நான் எதிரே பாடல் குழுவில் நின்று உன்னைப் பார்ப்பேன்.

அந்தக் கவரைப் பீடத்தில் வைப்பேனா இல்லையா என்று சொல்ல மாட்டேன்.

சிரப்பை மூடியில் அளக்காதே. மூடியில் எப்போதும் கூடக் குறைய வரும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் கேள், தருவார்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு அதில் இழு. கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடு, துப்ப மாட்டான். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காலை வரை காத்திருக்காமல் பேசு. மறுபடியும் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. கையில் இரும்பு எதுவும் கொடுக்க விடாதே, எனக்குக் கொடுத்தார்கள். அதனால் ஒன்றும் ஆகாது.

இதை எழுதியதால் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே.

ஆக்னஸ்


போவன்பள்ளி,
19 பிப்ரவரி 2025

அன்பான ஆக்னஸ்,

சிரிஞ்ச் வாங்கிவிட்டேன். நீ சொன்னபடியே கொடுத்தேன், ஒரு சொட்டுகூடத் துப்பவில்லை.

கவரைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்டால் நான் கொடுத்ததைத் திரும்பக் கேட்டது போல ஆகிவிடும். காய்ச்சல் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வருகிறேன். முன் வரிசையில்தான் உட்காருவேன்.

அத்தை தம்பிக்குப் பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். "எம் பேரன் ராசா மாதிரி வரணும், போவன்பள்ளியே பாக்கணும்" என்கிறார்கள்.

ஸ்டெல்லா


கொண்டாப்பூர்,
25 பிப்ரவரி 2025

ஸ்டெல்லா,

நீ ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாய். அதற்குள் உன்னிடம் சொல்ல முடியாததை எழுதுகிறேன். இதைக் கிழிப்பதற்கு முன்னால் கடைசிவரை படி.

அந்தக் கவரை நான் வெள்ளிக்கிழமையே ஆபீஸில் காகிதம் அரைக்கிற இயந்திரத்தில் போட்டுவிட்டேன். பிறகு வேறு கவர் எழுதினேன். பீடத்தில் வைத்தது அதுதான். "ஆக்னஸ், கொண்டாப்பூர். தம்பியின் எட்டு மாதங்களுக்காக ஸ்தோத்திரம்." அவ்வளவுதான்.

உனக்குச் சனிக்கிழமையே தெரிவித்திருக்கலாம். தடுத்து வைத்த நம்பரைத் திறக்க ஒரு நொடி ஆகும். திறக்கவில்லை. கவரைத்தான் விட்டுக்கொடுத்தேன், அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து உன் முகம் நன்றாகத் தெரிந்தது. முதல் கவர், யாருக்கோ வீடு அமைந்ததற்காக. இரண்டாவது, விசா. நீ தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாய். ஐந்தாவது கவரில் உன் உதடு காய்ந்திருந்தது. எட்டு கவர் வரை நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. உன் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன், வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

ஒன்பதாவது கவரை எடுத்து, "ஆக்னஸ், கொண்டாப்பூர்" என்று போதகர் வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றினார். எல்லாம் அந்தக் கண்ணாடியால் நடந்தது. துடைக்காமல் வாசித்திருந்தால் "தம்பியின் எட்டு மாதங்களுக்காக" என்ற வார்த்தை உன் காதில் விழுந்திருக்கும். நான் பாடல் குழுவிலிருந்து வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று எனக்குப் புரிந்தபோது நீ எழுந்துவிட்டாய்.

"ஐயா, அதை நீங்க வாசிக்க வேண்டாம். நானே சொல்லிருதேன்" என்றாய். சத்தமாகக்கூட இல்லை. "எம் பிள்ளைக்கு ஃபிட்ஸ் இருக்கு. மருந்து கொடுத்துட்டு இருக்கேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே சபையில ஆக்னஸுக்கு இருக்குன்னு சொல்லி நான் அவ கல்யாணத்தைக் கெடுத்தேன். ஜெபம்னு சொல்லிச் செஞ்சேன். இவனைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்." உட்கார்ந்தாய். போதகர் என் கவரை வாசிக்காமல் வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

உன் மாமியார் தாயம்மாள் அம்மா எழுந்தார். நீ தம்பியை அவரிடம் நீட்டினாய். அவர் வாங்கவில்லை. நடுப்பாதை வழியாக, யாரையும் பார்க்காமல், வெளியே போனார். ராகேஷ் உன்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனான். மீதிக் கவர்களை வாசித்தார்கள். நாங்கள் பாடினோம். நான் வார்த்தைகளைத் தப்பாகப் பாடினேன், ஒருவரும் கவனிக்கவில்லை.

சொல்ல வேண்டியதில்லாத ஒன்றை நீ என்னால் சொன்னாய். என் கவரில் நன்றி மட்டும்தான் இருந்தது என்பதை வைத்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நீ எனக்கு ஒன்றைக் கொடுத்தாய், நான் அதைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். ரயில் வராது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் இருந்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு வருடமாக, நீ மன்னிப்புக் கேட்டு எழுதினால் என்ன பதில் எழுதுவது என்று மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நீ கேட்பாய், நான் மறுப்பேன். நான் கேட்பதாக ஒன்றுகூட எழுதிப் பார்க்கவில்லை. அதனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்ததும் போதகர் கவரைத் திருப்பிக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கிறது, பார்த்துக்கொள். உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

ஆக்னஸ்

பின்குறிப்பு, 8 ஜூன்:

இந்தக் கடிதத்தை பிப்ரவரி 26ஆம் தேதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். மார்ச் முதல் வாரம் திரும்பி வந்தது. மேலே "வாங்க மறுத்தார்" என்று எழுதியிருந்தது. புது உறையில் போட்டு மறுபடியும் அனுப்பினேன். அதுவும் அப்படியே வந்தது. ஏப்ரலில் உன் மாமியார் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். ராகேஷும் நீயும் தம்பியோடு குஷாய்குடாவுக்கு வீடு மாறிவிட்டீர்கள், அங்கேயே ஒரு சபைக்குப் போகிறீர்கள் என்று நம் சபையில் சொன்னார்கள். விலாசம் கேட்டேன். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாயாம். கொடுக்கவில்லை.