சும்மா இருந்த கால்

மார்ச் 3, செவ்வாய்

கேப்டன் பதவி இந்தத் தடவையும் இல்லை. "பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார்" என்பது காரணம். எட்டு வருடமாகத் துணை விமானி. தப்பு செய்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சரியாகத்தான் செய்கிறேனாம், ஆனால் மெதுவாகவாம்.

தங்கையிடம் சொன்னேன். "ஆமைன்னு சின்ன வயசுலயே பேர் வெச்சுட்டேனே. அவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?" என்றாள். சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த வாரம் கடுகுடன் பறக்க வேண்டும். அவர் சரி என்றால் கிடைக்கும். எதற்கெடுத்தாலும் பொரிகிற கேப்டன். முதுகுக்குப் பின்னால் கடுகு, நேரில் சார்.

மார்ச் 9, திங்கள்

"ஏம்மா, ஒரு 'சரி' சொல்றதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?" – கடுகு.

மார்ச் 10, செவ்வாய்

எழுதினால்தான் தூக்கம் வரும்.

இன்று ஓட்டியது நான். ஓடுபாதையில், இனி நிறுத்தவே முடியாது என்கிற வேகத்தைத் தாண்டிய பிறகு வெடிச்சத்தம். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. வலது கால் மிதியை முழுப் பலத்தோடு அழுத்தி நேராக்கினேன், மேலே தூக்கினேன். ஒற்றை எஞ்சினில் முனகிக்கொண்டு ஏறினோம்.

செத்த எஞ்சினை அணைக்க ஒரு முறை உண்டு. ஒருவர் லீவரில் கை வைத்துக் கேட்க வேண்டும். மற்றவர் பார்த்துச் சரி என்ற பிறகே இழுக்கலாம். கடுகு கை வைத்தார்.

"வலது எஞ்சின். சரியா?"

'சரி' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் பதவி அந்த மனிதர் கையில். ஆனால் என் வலது கால் தொடை வரை வலிக்க மிதித்துக்கொண்டிருக்கிறது, இடது கால் சும்மா கிடக்கிறது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போயிருக்கும். எல்லா விமானியும் படித்ததுதான். ஆனால் மிதித்தது நான், அவர் இல்லை.

"சரியா?" பொரிந்தார்.

"இல்ல சார். போனது இடது. வலதுலதான் பறந்துட்டிருக்கோம். கையை எடுங்க."

எஞ்சின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. கையை மாற்றி வைத்தார். "இடது எஞ்சின். சரியா?"

பார்த்தேன். அப்போதும் நிதானமாகத்தான். "சரி."

அந்த ஒண்ணையும் அணைச்சிருந்தா – வேண்டாம். பின்னாடி நூத்திச் சொச்சம் பேரு. எவ்வளவு நம்பி உக்காந்திருந்தாங்க.

"நீங்களே இறக்குங்க" என்றார். இறக்கினேன். அலுங்காமல், குலுங்காமல். பணிப்பெண்களின் தலைவி கதவைத் திறந்து, "கைதட்டறாங்க, கேக்குதா?" என்றாள். கேட்டது. இங்கே யார் வந்து படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன்: நான் ஜெயிச்சுட்டேன்.

மார்ச் 11, புதன்

வலது காலை ஊன்ற முடியவில்லை. கணவர் தைலம் தேய்த்தார். "இடது காலுக்கு?" "அது நேத்து வேலையே செய்யல."

மார்ச் 13, வெள்ளி

விசாரணை. லீவர் விஷயத்தை நானே சொல்வதா, கேட்டால் சொல்வதா? அதே யோசனையோடு போனேன். கடுகு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "தப்பான லீவர்ல கை வெச்சது நான். அவசரப்பட்டேன். இவங்க படல. அதனாலதான் நாங்க இங்க நிக்கிறோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும், "எனக்குக் கடுகுன்னு பேராமே?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 1, திங்கள்

தோளில் நான்காவது பட்டை; இனி நானும் கேப்டன். "ஆமைக்கு ஓடு போதாதா, பட்டை வேறயா?" என்றாள் தங்கை. சட்டையை அவளேதான் இஸ்திரி போட்டுத் தந்தாள்.

கேப்டனின் இடது இருக்கையில் முதல் நாள். பக்கத்தில் புதுத் துணை விமானி. கிளம்புமுன் இறக்கையின் மடிப்புப் பலகை (ஃபிளாப்) கிளம்பும் நிலையில் சரியா என்று கேட்டேன். குனிந்து அதன் முள்ளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க கேப்டன், ஒரு நிமிஷம்."

"நல்லாப் பாருங்க" என்றேன். காத்திருந்தேன்.