நம்ம கவிக்குப் படகு பார்த்துட்டேன்

என்னங்க, என் ராசா,

நல்லா இருக்கீங்களா? போய்ச் சேர்ந்தவரிடம் இப்படிக் கேட்கலாமோ என்னவோ. மூணாம் வகுப்போடு நின்னவ நான். கடுதாசின்னா இப்படித்தான் தொடங்க வருது.

நம்ம கவி லூமுட்டிலிருந்து லங்காவித் தீவு வரைக்கும் கடலில் கயாக்கில், அதான் துடுப்புப் போடுற ஒத்தை ஆள் படகில், போகப்போகிறாள், கூட்டாளிகள் மூணு பேரோடு. பல நாள் பயணம். "படகை நான் பார்த்துத்தான் வாங்கணும்"னு நீங்க சொல்லி வைத்திருந்தீங்க. அதற்குள் அந்த நெஞ்சு வலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. "அப்பா இடத்துல நீ வந்து பாரும்மா. நீ வேணாம்னா நான் போகல"ன்னு கவி சொன்னாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கு? வேணாம்னு சொல்லத்தான் ஈப்போவிலிருந்து அவளோடு கிளம்பினேன். ஒருத்தரைக் கொடுத்தது போதாதா?

லூமுட்டில் படகுக் கடை கரையை ஒட்டியே இருந்தது. தண்ணியில் இரண்டு படகு போட்டுக் காட்டினார்கள். ஒண்ணு குட்டை, அகலம். இன்னொண்ணு நம்ம ஹாலில் வைத்தால் வாசலுக்கு வெளியே நீட்டும், அகலமோ இடுப்பு நுழைகிற அளவுதான். கவி அதில் உட்கார்ந்ததும் வெடவெடன்னு ஆடியது. அகலமானதில் மாறி உட்கார்ந்தாள், அது பெஞ்சு மாதிரி நின்றது.

"இதுதான் நல்லா இருக்கு"ன்னேன். கடைக்காரர், ஒரு சீனத் தவுக்கே, சிரித்தார்.

"ஆண்ட்டி, இது உக்கார நல்லது. அது தூரம் போக நல்லது லா."

"தூரமா போயி கவுந்தா?"

அதற்குள் பங்கோர் தீவுக்குப் போகிற ஃபெர்ரி கிளப்பிய அலை வந்துவிட்டது. அலை சாய்ந்த பக்கமெல்லாம் அகலப் படகும் சாய்ந்தது. உள்ளே இருந்த கவி துடுப்பால் தண்ணியை அடித்துத்தான் தப்பித்தாள்.

'ரெண்டும் வேணாம், வீட்டுக்குப் போலாம்'னு வாய் வரைக்கும் வந்தது. அப்போதான் உங்க ஞாபகம். ஆயர் தாவார் பக்கம் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட எஸ்டேட்டில், வாய்க்கால் மேல் கிடந்த ஒத்தப் பலகையில் ஒத்தச் சக்கர வண்டி தள்ளுவீங்களே. காலி வண்டி அதில் துள்ளும். செம்பனைக் குலைகளை ஏற்றினால் அடங்கிப் போகும். "மங்கா, சும்மா இருக்கிற வண்டிதான் ஆட்டம் போடும்"னு சிரிப்பீங்க.

"ஏன்டி, சோறு தண்ணியெல்லாம் எங்க வைப்ப?"

நீளப் படகின் முன்னும் பின்னும் இருந்த மூடிகளைத் திறந்து காட்டினாள்.

"அப்ப காலியா வச்சு என்னத்தப் பாக்குற? ஏத்திப் பாரு."

தண்ணிப் போத்தல், கூடாரம், அரிசி எல்லாம் வந்தது. கனமானதை அடியில், நடுவை ஒட்டி வைக்கச் சொன்னேன். தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆண்ட்டி முன்ன கயாக் ஓட்டியிருக்கா?"

"இல்ல தவுக்கே. என் வீட்டுக்காரர் செம்பனை வண்டி தள்ளுனவரு."

அடுத்த ஃபெர்ரியின் அலை வந்ததே, அதை எப்படிச் சொல்வேன்! கவி ஏறியிருந்த நீளப் படகு அதோடு சண்டைக்குப் போகவில்லை. தண்ணி அடியில் ஏறி இறங்கியது, கவி இடுப்புக்கு மேலே அசையவே இல்லை. அப்படியே கோடு கிழித்த மாதிரி போனாள், போய்க்கொண்டே இருந்தாள். அவ்வளவு பெரிய கடல். ஒரு தீக்குச்சி அளவு படகு. அதில் நீங்க தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போச்சு. பயம் இருந்தது, ஆனா கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை வருசம் இந்தக் கடலுக்கு மீன் வாங்கத்தானே வந்திருக்கேன்?

திரும்பி வந்து, மூக்கில் தண்ணி சொட்ட, "என்னம்மா, வேணாமா?"ன்னு கேட்டாள்.

"அதையே எடு. குட்டைப் படகை எடுத்தா உங்கப்பா ஏசுவாரு."

கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் சட்டையெல்லாம் உப்புத் தண்ணி.

காத்து அடங்கியதும் புறப்படுகிறாள். அன்றைக்குக் கரையில் நின்று அழ மாட்டேன். முழங்கால் தண்ணியில் இறங்கி, பின்னால் நின்று நானே தள்ளிவிடுவேன். பலகை மேல் நீங்க வண்டி தள்ளுவீங்களே, நடுவில் நிற்காமல், அப்படி. உங்க மேல் சத்தியம்.

உங்க பொஞ்சாதி, கவி அம்மா,
மங்கா